மண்ணுக்கு ஒரு முன்பணம்

வாடகைக்கு வீடு விடும் எந்தக் குடும்பத் தலைவியும் முன்பணம் வாங்காமல் சாவியைக் கையில் கொடுப்பதில்லை. வருகிறவர் நல்லவராகவே இருக்கலாம். கை நிறையச் சம்பளம் வாங்குபவராக இருக்கலாம். உறவினருக்கு வேண்டியவராகக்கூட இருக்கலாம். ஆயினும் அவர் காலி செய்து போகும் நாளில் சுவர் இடிந்திருந்தால், குழாய் உடைந்திருந்தால், வெள்ளையடிக்க வேண்டியிருந்தால், அச்செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவது நம் ஊர்களில் எழுதாத சட்டம். இதை யாரும் அவமதிப்பாக எண்ணுவதில்லை. வீட்டின் சுவருக்கு இத்தனை கவனம் காட்டும் நாம், அச்சுவரைத் தாங்கி நிற்கும் மண்ணுக்கு அதில் பாதியாவது காட்டுகின்றோமா?

சிப்காட் என்ற பெயர் தமிழ்நாட்டில் சிறு பிள்ளைக்கும் தெரியும். 1971ஆம் ஆண்டு அரசு ஏற்படுத்திய தொழில் மேம்பாட்டு நிறுவனம் அது. விளைநிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் கையகப்படுத்தி, சாலை போட்டு, தண்ணீரும் விளக்கும் கொண்டுவந்து, மனைகளாகப் பிரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. கொடுப்பது என்றால் விற்றுவிடுவது அன்று. பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறார்கள். ஆகவே சிப்காட் வீட்டுக்காரர்; தொழிற்சாலைகள் குடித்தனக்காரர்கள். வீட்டுக்காரருக்கு உரிய விவேகம் இங்கேயும் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தொழிற்சாலைகளுக்கு எதிரி அல்லேன். ஸ்ரீபெரும்புதூர் என்றால் இராமாநுசர் அவதரித்த தலம் என்றும், 1991இல் ராஜீவ் காந்தி உயிர் நீத்த இடம் என்றும் மட்டுமே வெளியூரார் அறிந்திருந்த காலம் போய்விட்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் கார் வெளிவந்தது. பின்னர் கண்ணாடித் தொழிற்சாலை வந்தது. கைப்பேசித் தொழிற்சாலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012இல் டெய்ம்லர் லாரிகள், அதன்பின் வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று வளாகங்கள் நீண்டுகொண்டே போகின்றன. சுங்குவார்சத்திரத்தில் கைப்பேசி செய்யும் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. தூரத்து மாவட்டங்களிலிருந்து வந்து, விடுதியில் தங்கி, மாதச் சம்பளத்தில் தம்பி தங்கையரைப் படிக்கவைக்கும் அக்காமார் அவர்கள். அந்தச் சம்பளத்தை எளிதாகப் பேசுவதற்கு எனக்கு உரிமை இல்லை. அவர்கள் குடிக்கும் நீரும் அந்த மண்ணிலிருந்துதானே வருகிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

இனி, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போவோம். அந்தச் சாலையில் ராணிப்பேட்டை இருக்கிறது. சிப்காட் முதன்முதலாக ஏற்படுத்திய தொழில் வளாகம் அங்கேதான். மூத்த பிள்ளை பட்ட பாட்டைப் பார்த்து இளைய பிள்ளைக்குப் புத்தி வர வேண்டும் அன்றோ?

நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பொட்டாசியம் டைகுரோமேட்டைப் பார்த்திருப்பீர்கள். அழகான ஆரஞ்சு நிறம். அதில் காரத்தைச் சேர்த்தால் மஞ்சளாக மாறும். கையில் படக்கூடாது என்று ஆசிரியை எச்சரிப்பார். ஏனெனில் அதிலுள்ள குரோமியம் ஆறு இணைதிறன் கொண்டது. அது தோலைப் புண்ணாக்கும். தூசியாக நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரச் செய்யும். தண்ணீரில் எளிதாகக் கரையும் என்பதால் மண்ணில் ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் அவ்வளவு பொல்லாதது அன்று. தோல் பதனிட அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்வதற்காக, ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை 1970களின் நடுவில் தொடங்கப்பட்டது. சுமார் 20 ஆண்டுகள் ஓடியது. 1990களின் நடுவில் மூடப்பட்டது.

தொழிற்சாலை நின்றது, கழிவு நிற்கவில்லை. சுமார் 2 லட்சத்து 27 ஆயிரம் டன் குரோமியக் கழிவு திறந்த வெளியில் மேடாகக் குவிந்து கிடந்தது. ஒரு லாரிக்குப் பத்து டன் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 23 ஆயிரம் லாரிகள் வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் அந்த மேட்டிலிருந்து மஞ்சள் நீர் வடிந்தது. நம் சோதனைக்குழாயில் பார்க்கும் அதே மஞ்சள்! அது நிலத்தடி நீரில் கலந்தது. அருகில் ஓடுவது பாலாறு. 2006ஆம் ஆண்டு நியூயார்க்கிலுள்ள பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலுக்குப் பக்கத்தில் ராணிப்பேட்டையின் பெயரும் அச்சேறியது. தமிழ்நாட்டுக்கு இப்படியும் ஒரு புகழ்!

அந்தக் கழிவைச் சீர்செய்ய வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பெரஸ் சல்பேட் போன்ற பொருளைச் சேர்த்துப் பொல்லாத குரோமியத்தைப் பொல்லாங்கு குறைந்ததாக மாற்றலாம். நீர் புகாத விரிப்பிட்ட குழியில் அடக்கம் செய்து மேலே மூடலாம். ஏற்கெனவே நிலத்தடியில் இறங்கிவிட்ட விஷநீரைக் கிணறுகள் வழியே இறைத்துச் சுத்திகரிக்கலாம். இவை அனைத்தும் பாடப்புத்தகத்தில் உள்ளவையே. ஆனால் செலவு யாருடையது? அங்கேதான் எல்லாம் நின்றுவிட்டது. லாபம் இருந்த காலத்தில் முதலாளி இருந்தார். நஷ்டமும் கடனும் வந்தபின் கதவில் பூட்டு இருந்தது. பூட்டிடம் பணம் கேட்க முடியாது.

அந்த மாவட்டத்தின் துயரம் ஒரு தொழிற்சாலையோடு முடிந்ததும் அன்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த அந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவுக்கோ முழுவதுமாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்று அத்தீர்ப்பில் குறிப்பிடப்பட்டுள்ளது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், அச்செலவில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு மட்டுமன்றி நிலத்தையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் அடங்கும் என்று நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள். சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது. ஆயினும் 2015 ஜனவரி 31 அன்று அதே சிப்காட் வளாகத்தில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட நேர்ந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 ஆண்டுகள். முதல் தீர்ப்பின்போது பிறந்த பெண் குழந்தை இதற்குள் தானே தாயாகியிருப்பாள்.

“அது தோல் ஊர், எங்கள் பக்கம் தோலும் இல்லை, துர்நாற்றமும் இல்லை. கண்ணாடி மாளிகை போன்ற தொழிற்சாலைகள், புல்வெளி, பூச்செடி! இதில் மண் எப்படிக் கெடும்?” என்று ஒரகடத்துக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை அமெரிக்காவில் இருக்கிறது.

கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டத்தைச் சிலிக்கான் பள்ளத்தாக்கு என்பார்கள். ஒரு காலத்தில் பழத்தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற பூமி. கம்ப்யூட்டர்த் தொழில் வந்தபோது, புகைபோக்கியே இல்லாத தொழில் என்று எல்லோரும் மகிழ்ந்தனர். தொழிற்சாலைகளைக் கல்லூரி வளாகம்போல் அழகாகக் கட்டினர். அழுக்கெல்லாம் பூமிக்கடியில் புதைத்த தொட்டிகளில் இருந்தது. பாகங்களைக் கழுவிச் சுத்தம் செய்யும் கரைப்பான் திரவங்கள் அவை. 1982இல் சான் ஹோசே நகரில் பேர்சைல்டு நிறுவனத்தின் தொட்டியிலிருந்து அத்திரவம் கசிந்து குடிநீர்க் கிணற்றை எட்டிவிட்டது என்ற செய்தி வெளிவந்தது. பின்னர் தோண்டத் தோண்ட ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. இன்று அமெரிக்காவிலேயே அதிகமான எண்ணிக்கையில், 23 இடங்கள், மத்திய அரசின் மாசு நிலப் பட்டியலில் இடம்பெற்ற மாவட்டம் அதுதான். கண்ணுக்குத் தெரியாத கசிவுக்குப் புகைபோக்கி எதற்கு?

ஒரகடம் வட்டாரத்திலும் பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கான துணைத் தொழில்கள் உள்ளன. வாகன உதிரி பாகங்களுக்கு முலாம் பூச வேண்டும். அதில் குரோமியமும் நிக்கலும் வரும். கடைசல் இயந்திரத்துக்கு எண்ணெய் வேண்டும். வண்ணம் பூசினால் வண்ணச் சேறு மிஞ்சும். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கக் கரைப்பான் வேண்டும். டிரைகுளோரோ எத்திலீன் போன்ற கரைப்பான் தண்ணீரைவிடக் கனமானது. எனவே அது நீரின்மேல் மிதக்காமல், நிலத்தடி நீரையும் ஊடுருவி அடியில் போய்ப் படியும். அங்கிருந்து ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கரையும். எல்லாத் தொழிற்சாலையும் இவற்றைக் கொட்டுகிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. பெரும்பாலோர் கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயக் கழிவுக் கிடங்குக்கு முறையாக அனுப்புவார்கள் என்றே நம்புவோம். ஆயினும் ஒரு குழாய் கசிந்தால் போதுமே!

அந்த மண் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். இது ஏரிகளின் நாடு. ஓர் ஏரி நிரம்பினால் அதன் உபரி அடுத்த ஏரிக்குப் போகும்படி நம் முன்னோர் சங்கிலிபோல் அமைத்தனர். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிச் செல்கிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரிதான் சென்னையின் குடிநீருக்கு முக்கியமான ஆதாரங்களுள் ஒன்று. ஸ்ரீபெரும்புதூர் மண்ணின் நலம் ஸ்ரீபெரும்புதூரோடு முடிவதில்லை. நகரத்தில் குழாயைத் திறக்கும் தோழியரும் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

சரி, கெட்ட நிலத்தைத் திருத்த அரசாங்கத்திடம் என்ன இருக்கிறது? சட்டம் இருக்கிறது. 2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களை நிர்வகிப்பதற்கென்றே தனி விதிகளை வெளியிட்டது. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களைத் தெரிவிக்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல் ஆய்வு செய்ய வேண்டும். மாசுபடுத்தியவரைக் கண்டுபிடித்துச் செலவை வாங்க வேண்டும். அவர் இல்லையென்றாலோ கொடுக்க வகையற்றவரென்றாலோ மத்திய மாநில அரசுகள் ஏற்க வேண்டும். நாடு முழுவதும் அப்போது கண்டறியப்பட்டிருந்த இடங்கள் 103. சீரமைப்பு வேலை தொடங்கியிருந்தவை 7. விதிகள் வந்தது மிகவும் நல்லது, வரவேற்கிறேன். ஆனால் வேலையை எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று அவற்றில் கெடு இல்லை. மேலும், சந்தேகம் வந்த பிறகுதான் அந்தச் சக்கரம் சுழலத் தொடங்குகிறது. சந்தேகம் வருவதற்குள் கிணற்று நீர் மஞ்சளாகியிருக்கும்.

பணம்? அதன் கதை சுவையானது. 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று ஒரு தீர்வை விதித்துத் தேசியத் தூய எரிசக்தி நிதியம் ஏற்படுத்தினார்கள். 2016க்குள் அத்தீர்வை 400 ரூபாய் ஆயிற்று. ராணிப்பேட்டை உள்ளிட்ட சில இடங்களுக்குச் சீரமைப்புத் திட்டம் தயாரிக்கவும் அந்நிதியத்திலிருந்து உதவி ஒதுக்கினர். நிலம் பிழைத்தது என்று எண்ணுவதற்குள் 2017இல் சரக்கு சேவை வரி வந்தது. நிலக்கரித் தீர்வை மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டும் கணக்குக்குப் போய்விட்டது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1980இல் மாசு நிலங்களைத் திருத்த ஒரு பெருநிதியம் ஏற்படுத்தி, எண்ணெய், இரசாயன நிறுவனங்கள்மீது அதற்கென வரி போட்டார்கள். 1995இல் வரி காலாவதியாயிற்று, நிதியம் இளைத்தது, 2021இல்தான் இரசாயனங்கள்மீதான வரியை மீண்டும் சட்டமாக்கினார்கள். பொதுப்பணத்தில் ஏற்படுத்தும் நிதிக்கு எப்போதும் வேறொரு அவசரம் காத்திருக்கும். பொதுக் கணக்கில் போட்ட பணம் மண்ணுக்குத் திரும்பி வருவது அரிது.

அரசுக்கு மனமிருந்தால் பணம் வரும் என்பதற்கும் சான்று உண்டு. சென்னையில் பெருங்குடிக் குப்பைமேட்டை அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்கச் சுமார் 350 கோடி ரூபாயும், கொடுங்கையூருக்குச் சுமார் 640 கோடி ரூபாயும் திட்டமிட்டனர். நகரத்தின் மூக்குக்கு நேரே நாறியதால் அது நடந்தது என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள் என எண்ணுகிறேன். குரோமியத்துக்கு மணமில்லை.

கொடைக்கானலை எடுத்துக்கொண்டால் இன்னொரு பாடம் கிடைக்கிறது. நியூயார்க் மாநிலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து 1980களில் அங்கே நிறுவிய வெப்பமானித் தொழிற்சாலை பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கிடப்பது 2001 மார்ச்சில் அம்பலமானதும் ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. 2016இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. மண்ணில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்பதில் பெரிய வழக்கே நடந்தது. நிறுவனம் 20 என்றது. இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்று ஊரார் வாதாடினர். மண்ணைக் கழுவும் சோதனை வேலை தொடங்குவதற்கே ஆலை மூடி 15 ஆண்டுக்கு மேலாகிவிட்டது. தாமதம்தான், குறைதான். ஆயினும் கொடைக்கானலில் கேட்பதற்கு ஆள் இருந்தார்; அவருக்குக் கெட்டுப்போகக்கூடிய பெயர் இருந்தது. சென்னைப் பாடகி சோபியா அஷ்ரப் 2015இல் ஒரு பாட்டுப் பாடினார். உலகமே திரும்பிப் பார்த்தது. ராணிப்பேட்டையில் யாரைப் பார்த்துப் பாடுவது?

இவ்விரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் முன்பண யோசனைக்குக் காரணம் விளங்கும். குடித்தனக்காரர் இருக்கும்போதே வாங்கி வைக்க வேண்டும். போனபின் தேடக்கூடாது. 99 ஆண்டுக் குத்தகை என்றால் 99 ஆண்டு இருப்பார் என்று அர்த்தம் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் 1 அன்று நிறுத்தியது. உலகமே கொண்டாடிய தொழிற்சாலைக்கு ஆயுள் ஒன்பது ஆண்டுகூட இல்லை! பின்னர் 2020 அளவில் சால்காம்ப் நிறுவனம் அதே இடத்தில் வேலையைத் தொடங்கியது. அந்த மண் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. மனைகள் நாம் நினைப்பதைவிட வெகு விரைவில் கைமாறுகின்றன என்பதற்காகவே சொன்னேன். கைமாறும்போது கட்டடத்தையும் இயந்திரத்தையும் எண்ணிக் கணக்கெழுதுகிறார்கள். மண்ணும் அக்கணக்கில் ஒரு வரியாக வேண்டும்.

என்ன செய்யலாம்? மனையை ஒப்படைக்கும் முன் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து, அந்த அறிக்கையைக் குத்தகைப் பத்திரத்தோடு இணைத்துப் பதிவு செய்யலாம். வீட்டுக்குள் புகும்போது சுவரைப் பார்த்துக்கொள்வதுபோல. தொழிலின் தன்மைக்கு ஏற்றவாறு முன்பணம் விதிக்கலாம். அட்டைப்பெட்டி செய்பவருக்குச் சொற்பம். முலாம் பூசுபவருக்கும் மின்கலம் செய்பவருக்கும் அதிகம். ரொக்கமாகத்தான் வேண்டும் என்பதில்லை. வங்கி உத்தரவாதமாகவும் கொடுக்கலாம். போகும்போது மறுபடியும் சோதனை. சுத்தமாக இருந்தால் முழுவதும் திரும்பக் கிடைக்கும். இது ஒன்றும் புதுமை அன்று. நம் நாட்டில் சுரங்கக் குத்தகை எடுப்பவர், சுரங்கத்தை எப்படி மூடிச் சீர்செய்வார் என்று முன்கூட்டியே திட்டம் கொடுத்து, அதற்கு நிதி உத்தரவாதமும் தர வேண்டும் என்ற விதி ஏற்கெனவே உள்ளது. சுரங்கத்துக்குப் பொருந்தும் நியாயம் தொழிற்பேட்டைக்கு ஏன் பொருந்தாது?

இப்படிக் கெடுபிடி செய்தால் தொழில்கள் ஆந்திராவுக்கோ குஜராத்துக்கோ ஓடிவிடும் என்பார்கள். பயமுறுத்தல் பழையதுதான், ஆனாலும் பதில் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான கோடி முதலீடு செய்கிறவர் ஒரு மண் பரிசோதனைக்காக ஓடமாட்டார். துறைமுகமும் சாலையும் கைத்திறன் மிக்க தொழிலாளரும் பார்த்து வந்தவர் அவர். உண்மையில் கை சுத்தமானவருக்கு இது பாதுகாப்பு. முந்திய குடித்தனக்காரர் செய்த அழுக்குக்குத் தாம் பொறுப்பில்லை என்று காட்ட அவரிடம் காகிதம் இருக்கும். கஷ்டம் வருவது சிறு பட்டறைக்காரருக்குத்தான். நாலு பேரை வைத்து வேலை வாங்குபவரிடம் பெரிய உத்தரவாதம் கேட்பது அநியாயம். அவர்களுக்குச் சிப்காட்டே தன் மனை வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கிப் பொதுக் காப்பு ஏற்படுத்தட்டும். அந்தப் பணம் அந்தந்த வளாகத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். வேறு அவசரத்துக்குத் தொடக்கூடாது. நிலக்கரித் தீர்வையின் கதி அதற்கு வரக்கூடாது.

திருமறையை வாசிப்பவர்களுக்குக் குத்தகை என்ற சொல் அந்நியம் அன்று. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில், நிலம் கடவுளுடையது, மக்கள் அதில் அந்நியரும் குடியிருப்போருமே, ஆகவே அதை நிரந்தரமாக விற்கலாகாது என்ற கட்டளை வருகிறது. ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற சட்டமும் அங்கேயே உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் பூமியை நம் பொது இல்லம் என்று அழைத்தார். இவற்றை மறைக்கல்வி வகுப்பில் படித்து மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். சிப்காட் பத்திரத்திலும் அதே சொல்தான் இருக்கிறது என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

தோழியரே, நமக்கு வாக்குரிமை வர இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. ஆயினும் கேட்கும் உரிமை இப்போதே உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் குடிமக்கள் எல்லோருக்கும் பொது. அதில் வயது வரம்பு எதுவும் குறிக்கப்படவில்லை. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். குடிமையியல் மன்றத்தார் அடுத்த கூட்டத்தில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, சிப்காட்டின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்றும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒன்றுமாக எழுதலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வளாகங்களில் மனையை ஒப்படைக்கும் முன் மண்ணைச் சோதித்த அறிக்கைகள் உள்ளனவா? மூடிய தொழிற்சாலைகளின் மனைகளை வேறொருவருக்குக் கொடுத்தபோது நிலத்தடி நீரைச் சோதித்தார்களா? 2025ஆம் ஆண்டு விதிகளின்படி காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகம் அனுப்பிய அரையாண்டு அறிக்கையில் எத்தனை இடங்கள் உள்ளன, அவை எவை?